நுளம்பில்லாத மூளைக்காய்ச்சல்

ஓரிடத்தில் உண்மையாக இருந்த ஒன்றைக் கடல் கடந்து கொண்டுவந்து இன்னோரிடத்தில் அப்படியே சொல்பவனை, அறிந்தவன் என்பதா, அறியாதவன் என்பதா? மாமாங்கம் என்ற மனிதரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. அவர் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் அவருக்கு இருக்கவில்லை. பதில் சொல்லும் பழக்கம்தான் இருந்தது.

கனடாவில், ரொறன்ரோவின் ஓரத்து மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸ் வரிசையில் அவர் குடியிருந்தார். அங்கே அவருக்குப் பெயர் பி.எச்.ஐ. அண்ணை. மட்டக்களப்பில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவர். கிணற்றுக்கு மருந்து போடுவதும், இறைச்சிக் கடைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைவதும், சிரட்டையில் தண்ணீர் தேங்கவிட்டு நுளம்பை, அதாவது கொசுவை, வளர்த்தவரை ஏசுவதும் அவருடைய உத்தியோகம். ரொறன்ரோவில் நகர நடுவே ஓர் அலுவலகக் கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டி. அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், மற்றவர்களும் கேட்கமாட்டார்கள். கேட்டால் பி.எச்.ஐ. அண்ணை இல்லாமல் போய்விடுவார். பிறகு இருமலுக்கும் சீனி வருத்தத்துக்கும் நிலவறைப் பூஞ்சணத்துக்கும் யாரிடம் போவது?

டொக்டரிடம் போகலாம்தான். அதற்குக் காசும் கட்டத் தேவையில்லை. ஆனால் டொக்டர் "இதாகவும் இருக்கலாம், அதாகவும் இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்ப்பம்" என்பார். நம்முடைய சனத்துக்கு "இருக்கலாம்" என்று முடியும் வசனம் பிடிப்பதில்லை. மாமாங்கத்தின் வசனங்கள் எல்லாம் "அவ்வளவுதான்" என்று முடிந்தன. அறிவுக்கும் அதட்டலுக்கும் வித்தியாசம் தெரியாத இடத்தில் அதட்டுகிறவன் ஞானி.

அவரிடமும் ஒரு நல்ல நாள் இருந்தது. அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதவில்லை என்றாகும். எண்பதுகளின் கடைசியில் வயற்புறக் கிராமங்களில் மூளைக்காய்ச்சல் என்ற பயம் பரவியிருந்த காலம். ஒரு வீட்டில் பிள்ளை வலிப்பு வந்து கிடந்தது. தொற்றிவிடும் என்று அயல் முழுவதும் அந்த வீட்டைக் கைவிட்டது. கிணற்றடிக்குக்கூட அந்தத் தாயை விடவில்லை. மாமாங்கம் நேரே உள்ளே போய்ப் பிள்ளையின் பாயருகே இருந்தார். தாய் கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, வேலிக்கு அப்பால் நின்ற எல்லோரும் பார்க்கக் குடித்தார். "மூளைக்காய்ச்சல் ஆளுக்கு ஆள் தொத்தாது. பன்றியில இருந்து நுளம்புக்கு, நுளம்பில இருந்து ஆளுக்கு. அவ்வளவுதான்." அவர் சொன்னது முழுக்கச் சரி. அயலவர் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார்கள். வயலோரத்தில் வாழும் அந்தக் கிருமி அப்படித்தான் பரவும்; நோயாளியின் அருகே இருந்தவரை அது தொடாது.

நான் பாராட்டக்கூடியது அவ்வளவே. ஒரு கோப்பை தேத்தண்ணியை ஒருவர் இருபது வருடம் குடித்துக்கொண்டிருந்தால் அது என்ன ருசிக்கு வரும் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்தநாள் விழாவில், செத்த வீட்டில், தன் கட்டடத்து லிஃப்ட் பழுதான அன்றைக்கு, எங்கும் அந்தக் கதை வந்தது.

2009 மே மாதம். வன்னியிலிருந்து வரும் போன்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. போரை நிறுத்தச் சொல்லி நகரத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் சனம் நாள்கணக்கில் நின்றது. மல்வேர்னிலிருந்து ஆட்களை ஏற்றிப்போகும் வானை ஒழுங்கு செய்தவர் அமிர்தநாதர். எந்தச் சங்கத்துக்கும் தலைவராக இருந்து பழகியவர், அந்த மாதத்தில் தெருவுக்கே தலைவராகியிருந்தார். வானின் பின் இருக்கை லவனுடையது. லவன் மாமாங்கத்தின் வீட்டு நிலவறையில் வாடகைக்கு இருந்த இருபது வயதுப் பெடியன். கல்லூரிக்குப் போவதை விட்டு மாதமாகியிருந்தது. ஒலிபெருக்கி பெரும்பாலும் அவன் கையில்தான்.

அந்த வசந்தத்தில் பன்றிக் காய்ச்சல் என்று தொலைக்காட்சி முழுக்கச் செய்தி. மாமாங்கத்துக்கு அது தனிப்பட்ட வெற்றி.

"நான் அண்டைக்கே சொன்னனான், பன்றிதான் எல்லாத்துக்கும் மூலம் எண்டு."

"அங்கிள், பி.எச்.ஐ. எண்டால் பன்றி ஹெல்த் இன்ஸ்பெக்டரோ?" என்றான் லவன். வான் சிரித்தது. வானில் சிரித்த கடைசி நாட்களில் அதுவும் ஒன்று.

லவனுக்குப் பக்கத்தில் இருந்து அதிகம் சிரித்தவள் தக்ஷிகா. மாமாங்கத்துக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த கமலாம்பிகையின் மகள். பதினெட்டு வயது. கத்திக் கத்தித் தொண்டை வறண்டவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கைக்குக் கை மாறும். வயதான பெண்கள் எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பார்கள். இளசுகள் வாய் வைத்துக் குடிக்கும். தக்ஷிகா லவனுடைய போத்தலில் மட்டும் வாய் வைத்துக் குடித்தாள். இதைக் கமலாம்பிகை கண்டார். காணாதவர் போலவும் இருந்தார்.

ஒரு காலை லவன் படுக்கையைவிட்டு எழும்பவில்லை. தலையிடி, காய்ச்சல், வெளிச்சத்தைப் பார்த்தால் முனகல். "வெயிலுக்குள்ள நிண்டு கத்தினது. பனடோல் ரெண்டைப் போடு, மனே" என்றார் மாமாங்கம். மதியம் அவருடைய மனைவி கோணேஸ்வரி கஞ்சி கொண்டுபோனபோது, அவனால் கழுத்தை வளைத்து நாடியை நெஞ்சுப்பக்கம் கொண்டுபோக முடியவில்லை; காலில் ஊதாப் புள்ளிகள். அம்புலன்ஸைக் கூப்பிட்டது கோணேஸ்வரி. கணவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்.

அடுத்த நாள் பொதுச் சுகாதாரத் திணைக்களத்து நேர்ஸ் போன் எடுத்தார். மாமாங்கத்தின் ஆங்கிலம் கட்டட வாசலுக்குப் போதுமானது. நேர்ஸ் நல்லெண்ணத்தோடு தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் இணைப்பில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண் நேர்ஸ் சொன்னதைக் கேட்டுத் தமிழில் சொன்னார்: "உங்கட வீட்டில இருக்கிற தம்பிக்கு மூளைக்காய்ச்சல்."

மாமாங்கத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது என்று கோணேஸ்வரி பிற்பாடு சொன்னார். ஒரு பெடியன் சாகக் கிடக்கிறான் என்ற செய்திக்கு வந்த வெளிச்சம் அல்ல. அந்த ஒரு சொல்லுக்கு வந்தது. இந்த நாட்டில் முதன்முறையாக யாரோ அவருக்குத் தெரிந்த பாடத்தில் பரீட்சை வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பாளர் சொன்ன எதையும் அவர் கேட்டாரா என்பது சந்தேகம்.

கேட்டிருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் மெனிஞ்சைற்றிஸ் என்பது ஒரு கிருமியின் பெயரல்ல, ஓரிடத்தில் நடக்கும் சேதத்தின் பெயர். மூளையையும் முள்ளந்தண்டு நரம்பையும் சுற்றியுள்ள மெல்லிய உறை வீங்குகிறது. வீங்கவைப்பது பலவாக இருக்கலாம். வைரஸ் என்றால் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். காசநோய்க் கிருமி என்றால் கிழமைக்கணக்கில் பதுங்கி வரும். உடம்பில் எதிர்ப்புக் குறைந்தவர்களுக்குப் பூஞ்சணமும் செய்யும். பக்ரீரியாக்கள்தான் மோசம், அவற்றுள்ளும் லவனைப் பிடித்த வகை காலையில் தலையிடியாகத் தொடங்கி மாலையில் ஆளையே கொண்டுபோய்விடக்கூடியது. அது நுளம்பிலும் பன்றியிலும் வாழ்வதில்லை. மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் வாழ்கிறது. பத்தில் ஒருவர் அதை ஒரு துன்பமும் இல்லாமல் சுமந்து திரிவார். முத்தம், ஒரே போத்தல், ஒரே சிகரெட், ஒரே கூரையின் கீழ் நெருங்கிய வாழ்க்கை: எச்சிலும் மூச்சுத் துளியும்தான் அதன் பாதை. பக்கத்தில் நின்றவருக்கெல்லாம் தொற்றாது; நெருங்கியவருக்குத் தொற்றும். அவர்களுக்கு நேரத்தோடு ஒரு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

மாமாங்கத்துக்குத் தெரிந்த மூளைக்காய்ச்சல் உறையில் அல்ல, மூளைக்குள்ளேயே நடப்பது. வேறு கிருமி, வேறு பாதை. நம்முடைய பேச்சுத் தமிழ் இரண்டையும் ஒரே சட்டைக்குள் போட்டிருந்தது. மொழிபெயர்த்த பெண்ணை நான் குறைசொல்லமாட்டேன். புத்தகத் தமிழில் "மூளையுறை அழற்சி" என்று சொல்லியிருந்தால், அழல் என்றால் நெருப்புத்தானே, அவர் சமையலறை அடுப்பைப் பற்றிப் பேசுவதாகக்கூட நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலை நேர்ஸ் நேரில் வந்தார். மாமாங்கத்துக்கும் கோணேஸ்வரிக்கும் ஆளுக்கொரு தடுப்பு மாத்திரை கொடுத்தார். ஒரே தரம், ஒரே குளிசை. பிறகு கமலாம்பிகையின் வீட்டுக் கதவைத் தட்டினார். வானில் லவனுக்குப் பக்கத்தில் இருந்தது யார் என்று கூட்டாளிகளிடம் விசாரித்திருந்தார். தாய் பக்கத்தில் நிற்க, மகளிடம் கேட்டார்: ஒரே போத்தலில் குடித்தீர்களா, முத்தமிட்டீர்களா?

"நோ" என்றாள் தக்ஷிகா.

நேர்ஸ் அனுபவசாலி. தாயின் முகத்தைப் பார்த்தார், மகளின் கையில் குளிசையை வைத்தார், உடனே எடுக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். கதவு மூடியதும் கமலாம்பிகை அதைப் பறித்தார்.

"உதை விழுங்கினால் என்ன அர்த்தம்? அவனோட வாய் வைச்சனி எண்டுதானே அர்த்தம்?"

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பில்."

"பில்லோ? நாளைக்கு மல்வேர்ன் முழுக்க உந்தப் பில்லைப் பற்றித்தான் கதைக்கும்."

ஒரு குளிசை வாக்குமூலமாகிவிட்டது. மகளின் உயிருக்குப் பயந்தாரா, ஊர் வாய்க்குப் பயந்தாரா என்று கேட்டால் இரண்டுக்கும் என்பார். எடை போட்டால் எந்தத் தட்டு தாழ்ந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அன்று பின்னேரம் மாமாங்கத்தின் வீட்டில் கூட்டம். கூட்டியவர் அமிர்தநாதர். அவருக்கு வேறு கவலை. "அண்ணை, நாளைக்குப் பேப்பரில தமிழர் தெருவில நோய் பரப்புகினம் எண்டு போட்டால் எல்லாம் முடிஞ்சுது. சனம் வராது. நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கோ." உண்மை என்னவென்று அவர் கேட்கவில்லை. ஒரு சொல்தான் கேட்டார். கமலாம்பிகைக்கும் ஒரு சொல்தான் தேவைப்பட்டது. இருவருக்கும் தேவையான சொல் ஒன்றாகவே இருந்தது. அது அவரிடம் தயாராகவும் இருந்தது.

மாமாங்கம் எழுந்து நின்றார். "மூளைக்காய்ச்சல் ஆளுக்கு ஆள் தொத்தாது. நான் அதுக்குள்ள வேலை செஞ்சவன். பன்றி, நுளம்பு. அவ்வளவுதான்."

"இஞ்சை பன்றி எங்கை அண்ணை கிடக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"பன்றி இல்லாட்டிக் குருவி. வெஸ்ட் நைல் எண்டு ஏழெட்டு வருசத்துக்கு முதல் இதே ரொறன்ரோவில காகம் காகமாச் செத்து விழுந்ததே, மறந்து போச்சா? அதுவும் நுளம்புதான். இவன் ஏரிக்கரைப் பக்கம் போயிருப்பான், கடிச்சிருக்கும்."

இதில் பாதி உண்மை. அந்த வைரஸ் குருவியிலிருந்து நுளம்புக்கும் நுளம்பிலிருந்து மனிதருக்கும் வந்து மூளையைத் தாக்குவது மெய். ஆனால் குளிர் முற்றாகப் போகாத மே மாதத்தில் அதைப் பரப்ப நுளம்பு ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதி உண்மையை முழுக்க நம்புவதற்கு மனிதருக்கு ஒரு தேவை இருந்தால் போதும்.

"பட் அங்கிள்," என்றாள் தக்ஷிகா. அவள் மூலையில் நின்றாள். குளிசை தாயின் கையில் மடித்த ரிசுத் தாளுக்குள் இருந்தது. "நேர்ஸ் சொன்னவ, இது வேற டைப், த்ரோட்டில இருக்கிறதாம். நான் எடுக்கட்டா? ஒண்டுதானே."

அவள் கேட்ட விதத்தில் எல்லாமே இருந்தது. பயம் இருந்தது, லவனும் இருந்தான். அந்த அறையில் "எடு, புள்ள" என்று ஒரே ஒருவர் சொன்னால் போதும், தாயால் மறுத்திருக்க முடியாது.

"தேவையில்லாத மருந்து நஞ்சு, புள்ள. பள்ளிக்கூடத்தில ஊசி போட்டனிதானே?"

போட்டிருந்தாள். அது இதே கிருமியின் இன்னொரு வகைக்கு. அதையும் நேர்ஸ் சொல்லியிருந்தார்.

அவள் முகம் தெளியவில்லை. அதைக் கண்டதும் மாமாங்கம் நிலவறைக்கு இறங்கிப்போனார். லவனின் படுக்கையருகே கிடந்த தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்தார். எல்லோரும் பார்க்க மூடியைத் திறந்து, வாய் வைத்து, கடைசித் துளிவரை குடித்தார்.

"இப்ப பயம் போச்சா?"

யாரோ கைதட்டினார்கள். அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே நெடுநேரம் பிழைக்காது. நாள் கழிந்த போத்தலைக் குடித்துக் காட்டுவதால் ஒன்றும் நிரூபணமாகாது. நடந்தது சோதனை அல்ல, கூத்து. தக்ஷிகா போத்தலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், "ஓகே அங்கிள்" என்றாள். கமலாம்பிகை வீட்டுக்குப் போனதும் குளிசையைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். கோணேஸ்வரியும் தன்னுடையதைக் குப்பையில் போட்டார். முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதர் எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்டியிருக்கிறார். மனைவி வேறென்ன செய்வார்?

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. போர் முடிந்தது என்று எல்லாத் தொலைக்காட்சியும் சொன்னது. அந்த டவுன்ஹவுஸ் வரிசையில் அழாத வீடு இல்லை. "தலை இடிக்குது அம்மா" என்றாள் தக்ஷிகா. அன்றைக்கு யாருக்குத்தான் தலை இடிக்கவில்லை? அழுது அழுது எல்லோருக்கும் இடித்தது. கமலாம்பிகைக்கும் இடித்தது. அறையை இருட்டாக்கிப் படுக்கவிட்டார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று மகள் சொன்னதும் அழுத கண் என்றே நினைத்தார். சத்தி எடுத்தபோது, நேற்றிலிருந்து சாப்பிடாத வயிறு என்றார்கள். ஓர் இனம் முழுவதும் துக்கம் கொண்டாடிய நாளில் ஒரு பெண்ணின் நோய் துக்கத்துக்குள் ஒளிந்துகொண்டது. கேட்டதற்கு மறுமொழி சொல்லாமல் அவள் வேறெங்கோ பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினார்கள்.

உயிர் தப்பியது. லவனும் தப்பினான். ஆனால் தக்ஷிகாவின் இரண்டு காதும் போய்விட்டன. உறையில் எழுந்த அழற்சி உட்காதையும் தின்றுவிட்டது. இந்த நோய்க்கு இது புதிதல்ல என்று டொக்டர் சொன்னார்.

அதற்குப் பிறகு மல்வேர்ன் காரணம் தேடியது. ஏரிக் காற்று என்றார்கள். கண்ணூறு என்றார்கள். பெடியனோடு திரிந்த பலன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அமிர்தநாதர், கனடாக் குளிசை வேலை செய்யவில்லை என்றார்; குடித்தாளா என்று விசாரிக்கவில்லை. ஒருவரும் மாமாங்கத்தைக் குற்றம் சொல்லவில்லை. அது அவர்மேல் இருந்த மரியாதை என்று நினைக்கவேண்டாம். அவரைக் குற்றம் சொன்னால் அவரைக் கேட்டது யார், கைதட்டியது யார் என்ற கேள்வி வரும். அவரும் அந்த நிழலில் சௌகரியமாக இருந்தார். தானும் நம்பித்தான் சொன்னார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நம்பிப் பிழை விட்டவரை உலகம் மன்னித்துவிடும்.

ஆஸ்பத்திரியில் உறவினர் காத்திருக்கும் அறைக்கு அதே நேர்ஸ் வந்தார். இரண்டாவது ஆளுக்கும் வந்துவிட்டதால் இப்போது யார் யாருக்கு மருந்து தேவை என்று அவர் புதிதாகப் பார்க்கவேண்டியிருந்தது. முதல் தடவை கொடுத்ததை யார் எடுத்தீர்கள் என்று கேட்டார்.

கமலாம்பிகை தலையை ஆட்டினார். இல்லை, அவளுக்குக் கொடுக்கவில்லை.

"நான் எடுக்கேல்ல," என்றார் கோணேஸ்வரி. "இவர் தேவையில்லை எண்டவர்."

நேர்ஸ் மாமாங்கத்தின் பக்கம் திரும்பினார். அவர் செய்யவேண்டியிருந்தது ஒன்றுமேயில்லை. மனைவி சொன்ன பதிலின் பின்னால் அவரும் ஒரு தலையாட்டலோடு நின்றிருக்கலாம். அவருடைய குளிசை எங்கே போனது என்பதற்குச் சாட்சி இல்லை.

"ஐ டுக்" என்றார்.

கோணேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தார். கமலாம்பிகைக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். கதிரையிலிருந்து எழும்பவில்லை; ஆனால் குரல் எழும்பியது.

"எப்ப அண்ணை எடுத்தனீங்கள்? அந்தத் தண்ணியைக் குடிச்ச பிறகோ, குடிக்க முதலோ?"

பிறகு என்று சொல்லியிருந்தால் பயந்துபோய் எடுத்தார் என்றாகும்; கோழை என்பார்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கமலாம்பிகை தானே அந்தக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

"குடிக்க முதல்," என்றார் மாமாங்கம். "காலமை நேர்ஸ் தந்த உடன."

ஏன் விழுங்கினார் என்றும், விழுங்கியதை ஏன் சொன்னார் என்றும் பிறகு அவரிடம் கேட்டவர்கள் உண்டு. கோணேஸ்வரி பல வருடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனிதர் அந்த இரண்டுக்கும் ஒன்றும் சொல்லவில்லை.